மொரெய்ன் ஏரிக்கு இரவு பத்து மணி பஸ் டிக்கெட்

கனடாவின் ராக்கி மலைப் பூங்காக்களில் ஒரு வாரம் சுற்றும் திட்டம் மொரெய்ன் ஏரியில்தான் முட்டிக்கொண்டு நின்றது. 2023 முதல் அங்கே வாடகைக் காரில் போக முடியாது. பூங்காத் துறையின் ஷட்டில் பஸ் வேண்டும். (சுற்றுலா நிறுவன பஸ்களும் உண்டு, விலைதான் கசக்கும்.) முதற்கட்ட முன்பதிவில் எங்கள் தேதி கிடைக்கவில்லை. மீதி இடங்கள் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு, அங்கே காலை 8 மணிக்கு வெளியாகும். அந்நேரம் நாங்கள் ஜாஸ்பரிலிருந்து ஐஸ்ஃபீல்ட்ஸ் சாலையில் வந்துகொண்டிருப்போம். அதன் பெரும்பகுதியில் கைப்பேசி இணைப்பே கிடையாது. ஆனால் கோடையில் அங்கே காலை 8 என்றால் சிங்கப்பூரில் இரவு 10. தோ பாயோவில் இருக்கும் தங்கையிடம் கணக்கு விவரங்களைக் கொடுத்துவைத்தேன். இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு, பத்து மணி அடித்ததும் பதிவு செய்துவிட்டாள். கூலியாக மேப்பிள் பாகு கேட்டாள், அதுவும் இரண்டு புட்டி.