கல்யாண டிவிடி ஐஎஸ்ஓ-வை டிவியிலும் போனிலும் ஓடும் எம்பி4 ஆக மாற்றுவது எப்படி?

2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்துச் சொந்தக்காரர்கள் வீட்டு ஆல்பங்கள் ஊறிப்போனதைப் பார்த்த பிறகு, எங்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு டிஸ்க்குகளை எல்லாம் ஐஎஸ்ஓ-வாக (முழு டிஸ்க்கின் நகலாக ஒரே கோப்பு) எடுத்து ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைத்தோம். பத்திரமாகத்தான் இருந்தன, ஆனால் யாரும் பார்க்கவில்லை. பென்டிரைவில் போட்டு டிவியில் செருகினால் டிவி அந்தக் கோப்பைக் கண்டுகொள்வதே இல்லை. போனும் அப்படித்தான்.

தேவைப்படுவது ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருள் ஒன்றுதான், இலவசம். தேடும்போது அதே பெயரில் போலித் தளங்கள் வரும்; உண்மையான தளத்தின் முகவரி ‘.எஃப்ஆர்’ என்று முடியும். காசு கேட்கும் ‘கன்வெர்ட்டர்’ எதையும் வாங்காதீர்கள். சோதித்துப் பார்க்க விஎல்சி பிளேயர் இருக்கட்டும். ஆனால் விஎல்சி-யிலேயே இருக்கும் கன்வெர்ட் வசதியை நான் தொடமாட்டேன்; நீளமான வீடியோவில் நாதஸ்வரம் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் என்று போய்விடுகிறது.

படி 1: ஐஎஸ்ஓ-வை அப்படியே திறங்கள்

ஹேண்ட்பிரேக்கில் ‘ஓப்பன் சோர்ஸ்’, ‘ஃபைல்’ என்று போய் ஐஎஸ்ஓ-வைக் காட்டினால் போதும். உள்ளே இருக்கும் விஓபி கோப்புகளை (டிவிடி-யின் வீடியோ கோப்புகள்) எடுத்து எம்பிஜி என்று பெயர் மாற்றினால் ஓடுமே என்று யாராவது சொல்வார்கள். ஓடும்தான். ஆனால் டிவிடி-யில் ஒரு விஓபி 1 ஜிபி-யைத் தாண்டாது. அதனால் முகூர்த்தம் பாதியில் அறுந்து அடுத்த கோப்பில் தொடரும். ஐஎஸ்ஓ-வாகவே திறந்தால் இந்தத் தொல்லை இல்லை. வீட்டு டிஸ்க்குகளில் பூட்டு எதுவும் கிடையாது என்பதால் வேறு எதுவும் தேவையில்லை.

படி 2: டைட்டில்

மேலே டைட்டில் (டிஸ்க்கில் உள்ள தனித்தனி வீடியோ) பட்டியலில் எது நீளமோ அதுதான் பெரும்பாலும் முழு வீடியோ. ஸ்டூடியோக்காரர் ரிசப்ஷன், முகூர்த்தம் என்று தனித்தனியாகப் பிரித்திருந்தால் ஒவ்வொன்றையும் எடுக்க வேண்டும். இன்னொரு டைட்டில் மற்ற எல்லாவற்றின் கூட்டுத்தொகை அளவுக்கு நீளமாக இருந்தால் அது ‘ப்ளே ஆல்’; அதை எடுத்தால் மற்றவை வேண்டாம்.

படி 3: கோடுகள் (இதைத் தாண்டிப் போகாதீர்கள்)

பிரீசெட்டில் (தயார் அமைப்புகளின் பட்டியல்) ‘ஃபாஸ்ட் 576பி25’ தேர்ந்தெடுங்கள். அப்படியே ஸ்டார்ட் அழுத்தினாலும் வீடியோ வரும். பலரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் தவில்காரர் கை வேகமாக அடிக்கும் இடத்தையும், தாலி கட்டும்போது அட்சதை பறக்கும் இடத்தையும் ஓட்டிப் பாருங்கள். டிவியில் கேசட் போட்டுப் பார்த்த காலத்தில் இருந்த வழவழப்பு இதில் இருக்காது. கை விட்டு விட்டு நகரும்.

காரணம் இதுதான். நம் ஊர் பழைய கேம்கோடர்கள் ‘பால்’ என்ற டிவி முறையில் எடுத்தவை. படத்தின் 576 வரிகளையும் ஒரே நேரத்தில் எடுக்காமல், ஒற்றைப்படை வரிகளை ஒரு கணத்திலும் இரட்டைப்படை வரிகளை அடுத்த கணத்திலும், நொடிக்கு 50 அரைப்படங்களாகப் பதிவு செய்தன; இதற்குப் பெயர் இன்டர்லேஸ். குழாய் டிவி அதே வரிசையில் காட்டியது. இன்றைய எல்இடி டிவியும் போனும் முழுப் படமாகத்தான் காட்டும். இரண்டு கணங்களையும் அப்படியே ஒன்றாக ஒட்டினால் அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு விழும். ஹேண்ட்பிரேக்கின் வழக்கமான அமைப்பு அந்தக் கோட்டை நீக்குகிறது. ஆனால் நொடிக்கு 25 படம்தான் தருகிறது. அசைவில் பாதி போய்விடுகிறது.

ஃபில்டர்ஸ் பக்கத்தில் ‘இன்டர்லேஸ் டிடெக்‌ஷன்’ என்பதை ஆஃப் செய்யுங்கள். ‘டீஇன்டர்லேஸ்’ என்பதில் பிவ்டிஃப் என்ற ஃபில்டரை வைத்து, பக்கத்துப் பிரீசெட்டை ‘பாப்’ (ஒவ்வொரு அரைப்படத்தையும் தனி முழுப் படமாக்குவது) ஆக்குங்கள். பிவ்டிஃப் இல்லாத பழைய பதிப்பு என்றால் யாடிஃப் போதும். இதோடு வேலை முடியாது! வீடியோ பக்கத்துக்குப் போய் ஃப்ரேம்ரேட்டை (நொடிக்கு எத்தனை படம்) 25-இலிருந்து 50 ஆக்கி, ‘கான்ஸ்டன்ட்’ என்று வையுங்கள். முதலில் தேர்ந்தெடுத்த ‘576பி25’ பிரீசெட்டின் பெயரிலேயே 25 இருக்கிறது. அதை மாற்றாவிட்டால் பாப் தருகிற 50-இல் பாதியை அது தூக்கிப் போட்டுவிடும்.

முழு வீடியோவையும் ஓட்டிக் காத்திருக்க வேண்டாம். டைட்டிலுக்குப் பக்கத்தில் சாப்டருக்குப் பதில் செகண்ட்ஸ் என்று மாற்றி, அட்சதை போடும் ஒரு நிமிடத்தை மட்டும் கொடுத்துப் பாருங்கள். அரிசி தனித்தனியாக விழுந்தால் சரி.

படி 4: மற்ற அமைப்புகள்

என்கோடர் எச்.264 (x அடையாளம் போட்டு 264 என்று இருப்பது). எச்.265-இல் கோப்பு சிறிதாகும், ஆனால் மாமியார் வீட்டுப் பழைய டிவி அதை ஓட்டாது. தரத்துக்கு ஆர்எஃப் 19 வைக்கிறேன்; எண் குறையக் குறையத் தரமும் கூடும், கோப்பும் பெருக்கும். ஆடியோ ஏஏசி, ஸ்டீரியோ. அளவு, விகிதம் இரண்டையும் தொடாதீர்கள், முகங்கள் ஒல்லியாகிவிடும். 576-ஐ 1080 ஆக்கினால் பளிச்சென்று இருக்குமா என்றால், இருக்காது. கோப்புதான் வீங்கும்.

பிறகு ‘ஆட் டு க்யூ’ போட்டு எல்லா டிஸ்க்கையும் வரிசையில் நிறுத்திவிட்டு ராத்திரி ஓட விடுங்கள். பென்டிரைவ் ஃபாட்32 முறையில் ஃபார்மேட் ஆகி இருந்தால் 4 ஜிபி-க்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபாட் ஆக மாற்றலாம், ஆனால் டிவி அதைப் படிக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மூல ஐஎஸ்ஓ-க்களை அழிக்காதீர்கள்.

பின்சேர்க்கை, பின்னூட்டத்தில் வந்த கேள்விகளுக்காக:

விண்டோஸில் ஹேண்ட்பிரேக் திறக்கவே மாட்டேன் என்கிறதா? மைக்ரோசாஃப்டின் ‘டாட்நெட் டெஸ்க்டாப் ரன்டைம்’ இல்லாமல் புதிய பதிப்புகள் ஓடாது. அது கேட்கும்போதே நிறுவிக்கொள்ளுங்கள்.

‘என் டிஸ்க் விசிடி, ஐஎஸ்ஓ திறக்கவில்லை’ என்று கேட்டவர்களுக்கு: விசிடி-யை ஐஎஸ்ஓ-வாக எடுக்கவே கூடாது. சாதாரண டேட்டா சிடி-யில் ஒரு செக்டருக்கு (டிஸ்க்கின் ஒரு சிறு துண்டு) 2048 பைட். விசிடி-யின் படப் பகுதியில் 2324. ஐஎஸ்ஓ-வில் மிச்சம் விடுபட்டுவிடும். அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. டிஸ்க் இருந்தால் திரும்ப எடுங்கள்; லேப்டாப்பில் டிரைவ் இல்லையென்றால் சென்னை ரிச்சி தெருவில் யுஎஸ்பி டிவிடி டிரைவ் கிடைக்கும். இந்தமுறை பின்/க்யூ (எதுவும் விடுபடாத இரண்டு கோப்பு நகல்) ஆக எடுத்து, விசிடிகியர் என்ற மென்பொருள் மூலம் எம்பெக் ஆக்கி ஹேண்ட்பிரேக்கில் கொடுங்கள். விசிடி-யின் படம் 352க்கு 288 தான், இன்டர்லேஸும் கிடையாது. அதனால் மூன்றாம் படியில் முதல் பிரீசெட்டைத் தவிர வேறெதுவும் தேவையில்லை. டீஇன்டர்லேஸை ஆஃப் செய்து, ஃப்ரேம்ரேட்டை 25-இலேயே விட்டுவிடுங்கள்.