கடலோர வெயிலில் பஃப்ஸ்: வீட்டில் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் பஃப்ஸ் செய்து பார்த்தவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அடுக்கு பிரியவில்லை, வெண்ணெய் முழுவதும் ட்ரேயில் ஒழுகிவிட்டது, மேலே சிவந்தும் அடிப்பாகம் வேகாமல் சொதசொதவென்று இருக்கிறது என்பவையே அவை. பழியை உடனே ஓவன் மீதோ சமையல் குறிப்பின் மீதோ போடுகிறோம். ஆனால் புதுச்சேரி, கடலூர் போன்ற கடலோர ஊர்களில் இந்தக் குறைகளில் பாதிக்கும் மேல் ஓவனுக்குள் போவதற்கு முன்பே, சமையலறை மேடையிலேயே நிகழ்ந்துவிடுகின்றன என்பதுதான் உண்மை.

பஃப்ஸ் எப்படி உப்புகிறது என்பது தெரிந்துவிட்டால் தவறுகளின் காரணம் தானாகவே விளங்கும். மைதா மாவுக்குள் வெண்ணெய்ப் பலகை ஒன்றை வைத்து மூடி, தேய்த்து, மூன்றாக மடித்து, மறுபடியும் தேய்த்து மடிக்கும்போது மாவும் வெண்ணெயும் மாறி மாறி மெல்லிய அடுக்குகளாகின்றன. ஒவ்வொரு மடிப்பிலும் வெண்ணெய் அடுக்குகள் மும்மடங்காகப் பெருகுவதால் நான்கு மடிப்பில் 81, ஐந்தில் 243, ஆறில் 729 என்று கணக்கு வளர்கிறது. கடையில் வாங்கும் வெண்ணெயில் ஏறத்தாழ 80 விழுக்காடு கொழுப்பும் 16 விழுக்காடு வரை தண்ணீரும் உண்டு. ஓவனின் சூட்டில் அந்தத் தண்ணீரும் மாவிலுள்ள ஈரமும் ஆவியாகி ஒவ்வோர் அடுக்கையும் மேலே தூக்க, உருகிய கொழுப்பு அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கிறது. பேக்கிங் பவுடருக்கோ ஆப்ப சோடாவுக்கோ இங்கே வேலையே இல்லை. அவற்றைச் சேர்ப்பதும் ஒரு தவறுதான்.

ஆக, ஓவனுக்குள் போகும்வரை வெண்ணெய் வெண்ணெயாகவும் மாவு மாவாகவும் தனித்தனியே இருக்க வேண்டும். நம் ஊரில் மிகவும் கடினமான காரியம் இதுவே. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரியில் முழுமையாக உருகிவிடும். அதற்கு வெகுமுன்பே, இருபது டிகிரியைத் தாண்டும்போதே, கையில் குழையத் தொடங்கிவிடும். குளிர்நாட்டுக் குறிப்புகளில் 'அறை வெப்பநிலையில் பத்து நிமிடம் வையுங்கள்' என்று எழுதியிருந்தால், அது அவர்களுடைய அறையைப் பற்றியது. சித்திரை, வைகாசியில் புதுச்சேரிச் சமையலறை ஒன்றில் பத்து நிமிடம் வைத்த வெண்ணெய் மாவுக்குள் கலந்து, பிஸ்கட் போன்ற ஒரு பண்டத்தைத்தான் தரும். விடியற்காலையில், அடுப்பு பற்றவைப்பதற்கு முன் இந்த வேலையை வைத்துக்கொள்வது நல்லது. கிரானைட் மேடையின் மீது ஐஸ் கட்டிகள் நிரப்பிய அகலமான தட்டு ஒன்றைக் கால் மணி நேரம் வைத்து எடுத்து, ஈரத்தை நன்றாகத் துடைத்துவிட்டால், மேடையே ஒரு மடிப்பு முடியும்வரை குளிர்ச்சியாக இருக்கும்.

உருகிவிடுமோ என்ற பயத்தில் வெண்ணெயைக் கல்லாக உறையவைத்து எடுப்பது இதற்கு நேர் எதிரான தவறு. அப்படிப்பட்ட வெண்ணெய் தேய்க்கும்போது மாவுக்குள் துண்டுதுண்டாக உடையும். மாவின் வழியே வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் அதுதான் அடையாளம். உடைந்த இடத்தில் அடுக்கு இருக்காது, ஆகவே அந்தப் பக்கம் பஃப்ஸ் எழும்பாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெயை இரண்டு பட்டர் பேப்பர்களுக்கு நடுவே வைத்துச் சப்பாத்திக் கட்டையால் மெல்ல அடித்துத் தட்டையாக்க வேண்டும். அடிக்க அடிக்க, குளிர்ச்சி குறையாமலேயே வெண்ணெய் இளகும். ஓரத்தைப் பிடித்து மெதுவாக வளைத்தால் விரிசல் விடாமல் வளைய வேண்டும், விரலால் அழுத்தினால் தடம் பதிய வேண்டும், ஆனால் விரலில் பிசுபிசுக்கக் கூடாது. அதே நேரத்தில் மாவும் அதே குளிர்ச்சியில், அதே மென்மையில் இருக்க வேண்டும். இந்தப் பதத்தைக் கண்டுகொண்டவர்களுக்கு மற்றவை எல்லாம் எளிது.

ஒவ்வொரு மடிப்புக்குப் பின்னும் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்காமல், 'இன்னும் ஒரு முறை' என்று தொடர்வது பலரும் செய்வது. அந்த ஓய்வு வெண்ணெயைக் குளிர்விப்பதோடு, தேய்த்ததில் விறைத்துப்போன மாவைத் தளர்த்தவும் உதவுகிறது. தேய்க்கத் தேய்க்கச் சுருங்கிக்கொள்ளும் மாவு ஓய்வு கேட்கிறது என்றே கொள்ள வேண்டும். மாவைப் புரோட்டாவுக்குப் பிசைவதுபோல் அடித்துப் பிசைவதும் இதே சுருக்கத்தைத்தான் உண்டாக்கும். 250 கிராம் மைதாவுக்கு 5 கிராம் உப்பு, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, சுமார் 125 மில்லி குளிர்ந்த நீர், 30 கிராம் வெண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்து, ஒன்றுசேரும் அளவுக்கு மட்டும் பிசைந்தால் போதும். உள்ளே மடிக்க 180 முதல் 200 கிராம் வெண்ணெய் தேவைப்படும். மடிப்புகளின் எண்ணிக்கையிலும் பேராசை வேண்டாம். நம் வெயிலில் ஆறாவது மடிப்புக்குப் போவதற்குள் அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடும் வாய்ப்பே அதிகம் என்பதால், வீட்டுக்கு நான்கு அல்லது ஐந்து போதும் என்பது என் கருத்து.

கடலோரத்துக்கே உரிய இன்னொரு சிக்கல் காற்றின் ஈரம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாவை மூடாமல் வைத்தால், இரண்டொரு நிமிடத்தில் அதன் மேல் நீர்த்துளிகள் வியர்த்து நிற்கும். அதைப் போக்க மைதாவைக் கைநிறையத் தூவுகிறோம். அந்த உலர்மாவு மடிப்புக்குள் சிக்கி அடுக்குகளைக் கடினமாக்குகிறது. மாவை எப்போதும் இறுகச் சுற்றியே வைத்து, தேய்க்கும் நேரத்தில் மட்டும் பிரித்து, தூவிய மாவை மடிப்பதற்கு முன் தூரிகையால் தட்டிவிட வேண்டும்.

எந்த வெண்ணெய் என்பதும் முக்கியம். வீட்டில் கடைந்தெடுத்த வெண்ணெயில் மோரின் ஈரம் மிகுதியாக இருக்கும். நெய் காய்ச்ச அதைவிடச் சிறந்தது கிடையாது, ஆனால் பஃப்ஸுக்கு அது பொருந்தாது. ரொட்டியில் தடவுவதற்கென்று விற்கும் ஸ்பிரெட் வகைகளும் வேண்டாம். உப்பு வெண்ணெய் மட்டுமே கிடைத்தால் மாவில் உப்பைக் குறைத்துக்கொள்ளலாம். பேக்கரிகளில் பஃப்ஸுக்கென்றே வரும் மார்கரின் வெண்ணெயைவிட அதிக வெப்பத்தில் உருகுவதால் அவர்களுக்கு வேலை எளிதாகிறது. ஆனால் சுவையில் வெண்ணெய்க்கு ஈடு எதுவும் இல்லை. வனஸ்பதியைப் பயன்படுத்த விரும்புவோர், 2022 ஜனவரி முதல் இந்தியாவில் இத்தகைய கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடப்பில் இருப்பதை நினைவில் வைத்து, உறையில் அச்சிட்டிருக்கும் விவரத்தைப் படித்து வாங்க வேண்டும்.

அடுத்தது மசாலா. அடிப்பாகம் வேகாமல் போவதற்கு முதற்காரணம் ஈரமான மசாலா. இரண்டாவது காரணம் சூடான மசாலா. அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு மசாலாவை மாவின் மேல் வைத்தால், அதன் அடியிலுள்ள வெண்ணெய் அங்கேயே உருகி அடுக்கு அழிந்துவிடும். முழுமையாக ஆறவைத்து, முடிந்தால் ஃபிரிட்ஜிலும் சிறிது நேரம் வைத்து எடுக்க வேண்டும். ஈரத்தைப் பொறுத்தவரை நம் சமையலிலேயே நல்ல அளவுகோல் இருக்கிறது: சுறாப்புட்டின் பதம். சுறாவை வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்து, நீரைப் பிழிந்து, வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாயுடன் பொலபொலவென்று வரும்வரை வதக்குகிறோம் அல்லவா, பஃப்ஸுக்குள் எதை வைத்தாலும் அந்த அளவுக்கு உலர்ந்திருக்க வேண்டும். சுறாப்புட்டையே வைத்துச் செய்தாலும் மிக அருமையாக இருக்கும். பண்ருட்டிப் பக்கத்துப் பலாக்காயை வேகவைத்துப் பிழிந்து, மிளகும் சோம்பும் சேர்த்துச் சுருள வதக்கினால், சைவத்தில் உருளைக்கிழங்கைவிட ஒரு படி மேலான மசாலா கிடைக்கும். முட்டை பஃப்ஸுக்கு வெங்காயத்தைப் பொன்னிறத்தையும் தாண்டி வதக்கி, தக்காளியைப் பெயருக்குச் சேர்த்தால் போதும். பாதியாக வெட்டிய முட்டையை வெட்டுப்பக்கம் கீழே வருமாறு மசாலாவின் மேல் வைக்கலாம். கேரட், பீன்ஸ், பட்டாணி போட்ட மசாலாவில் உப்பைக் கடைசியில் சேர்த்தால் காய்கள் நீர்விட்டு நிற்காது. எந்த மசாலாவாயினும் அள்ளி வைக்கக் கூடாது. பத்து சென்டிமீட்டர் சதுரத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி தாராளம்.

மாவை வெட்டும்போது கத்தியை இழுக்காமல் நேராக அழுத்தி வெட்ட வேண்டும். மழுங்கிய கத்தி ஓரத்து அடுக்குகளை நசுக்கி ஒட்டிவிடும். மேலே பூசும் முட்டைக் கலவை வெட்டிய ஓரங்களில் வழிந்தாலும் இதே கதிதான், அது பசைபோல் இறுகி அடுக்கைப் பிரியவிடாது. முட்டை சேர்க்காதவர்கள் பாலைப் பூசலாம்.

நிரப்பி மடித்த பஃப்ஸை மறுபடியும் இருபது நிமிடம் குளிரவைத்து, அதற்குள் ஓவனை 210 டிகிரிக்கு முழுமையாகச் சூடேற்றியிருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் ஓடிஜி எனப்படும் சிறிய மின் ஓவன்கள், சூடேறிவிட்டதைக் காட்டும் விளக்கு அணைந்தவுடனேயே உண்மையில் அந்தச் சூட்டை எட்டிவிடுவதில்லை. மேலும் பத்து நிமிடம் கொடுப்பது நல்லது. சூடு குறைவாக இருந்தால் ஆவி எழுவதற்கு முன் வெண்ணெய் உருகி ஒழுகிவிடும், ட்ரேயில் தேங்கும் வெண்ணெய்க்குக் காரணம் இதுவே. முதல் பதினைந்து நிமிடம் கதவைத் திறக்கவே கூடாது. பிறகு சூட்டை 180க்குக் குறைத்து மேலும் பத்து நிமிடம் வேகவைத்து, ஒன்றைத் திருப்பி அடிப்பாகம் நன்றாகச் சிவந்திருக்கிறதா என்று பார்த்த பின்னரே இறக்க வேண்டும். வெளிர்மஞ்சளில் இறக்கிய பஃப்ஸ் ஆறும்போது அமுங்கிவிடும். குக்கரில் கேக் செய்வது போல் இதையும் முயல்வோர் உண்டு. மேற்சூடு இல்லாத பாத்திரத்தில் மேற்புறம் சிவக்காது என்பதால் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வெந்ததை உடனே டப்பாவில் அடைத்தால் அதன் ஆவியே அதை நமுத்துப்போகச் செய்யும். கம்பித் தட்டில் ஆறவைத்து, முட்டையோ மீனோ கறியோ வைத்தவற்றை நம் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காமல் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். மீண்டும் சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம். 180 டிகிரி ஓவனில் ஏழெட்டு நிமிடம் வைத்தால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். ஒரே நாளில் தின்று தீர்க்க முடியாத அளவு மாவு இருந்தால், மீன் மசாலாவும் பலாக்காய் மசாலாவும் வைத்த பஃப்ஸை வேகவைக்காமலேயே ஃப்ரீசரில் உறையவைக்கலாம். அவித்த முட்டை உறைந்தால் ரப்பர் போலாகிவிடும் என்பதால் முட்டை பஃப்ஸை மட்டும் அப்படி வைக்கக் கூடாது. உறைந்ததை இளகவிடாமல் நேரே சூடான ஓவனில் வைத்து, வழக்கத்தைவிட ஐந்து நிமிடம் கூடுதலாக விட்டு எடுக்கலாம்.