செங்கோட்டைச் சாரலில் ஒரு செஞ்சூரியன்: மாடல் டாங்கி செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆனி பிறந்தால் செங்கோட்டையில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கிவிடும். கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. ஜாடியில் உப்பு கசியும். அப்படி ஒரு சாயங்காலத்தில்தான் என் முதல் செஞ்சூரியன் டாங்கி மாடலுக்குக் கடைசிப் பூச்சாக, பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அடித்தேன். நாலு மாத வேலை. அடித்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ஆலிவ் பச்சை முழுவதும் பால் ஆடை படிந்தது போல வெளுத்துவிட்டது. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

என்ன நடந்தது என்று பிறகுதான் புரிந்தது. லாக்கர் வகை வார்னிஷில் இருக்கும் கரைப்பான் மிக வேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது வண்ணப்பரப்பைக் குளிர வைக்கும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர்த்துளி படிந்து, காயாத வார்னிஷுக்குள் மாட்டிக்கொள்ளும். அதுதான் வெள்ளையாகத் தெரிகிறது. மாடலின் பாகங்கள் வரும் கிட் பெட்டியில் இருக்கும் குறிப்புத்தாள் இதைச் சொல்வதில்லை. அது நம் ஊர்க் காற்றை நினைத்து எழுதியதும் அல்ல. தென்காசி, புளியரை, மலைக்கு அந்தப் பக்கம் புனலூர், இந்த வட்டாரத்தில் மாடல் செய்கிறவர்களின் முதல் பெரிய தவறு காலண்டரைப் பார்க்காமல் வண்ணம் தெளிப்பதுதான் என்பேன்.

நான் இப்போது வைத்திருக்கும் ஒழுங்கு இது. ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் வெட்டுவது, ஒட்டுவது, உப்புத்தாள் போடுவது மட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அப்படியே. தெளிப்பு வேலையைத் தை, மாசிக்கு வைத்துக்கொள்வேன். அவசரமென்றால் வெயில் அடிக்கிற நாளில் காலை பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள். சுவரில் ஒரு சின்ன ஈரப்பத மானி மாட்டியிருக்கிறேன், 70 சதவீதத்துக்கு மேல் காட்டினால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷைக் கையில் எடுப்பதில்லை. ஏற்கெனவே மாடல் வெளுத்துப்போனவர்கள் கலங்க வேண்டாம். உலர்ந்த நாளுக்காகக் காத்திருந்து, மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் கலந்த தின்னரையோ பளபளப்பு வார்னிஷையோ மிக லேசாகத் தெளித்தால் பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும். என் செஞ்சூரியன் அப்படித்தான் பிழைத்தது. டரெட் எனப்படும் சுழலும் பீரங்கிக் கூட்டுக்குக் கீழே ஒரு மூலையில் மட்டும் இன்னும் வெள்ளை இருக்கிறது.

ஏர்பிரஷுக்குக் காற்று தரும் கம்பிரஸரையும் மறந்துவிடக் கூடாது. ஈரக்காற்றை அழுத்தினால் குழாய்க்குள் தண்ணீர் சேரும், நல்ல வேலைக்கு நடுவில் பொட்டென்று ஒரு துளி வந்து விழும். நீர்ப்பிடிப்பான் இல்லாமல் வாங்காதீர்கள். பங்குனி, சித்திரையில் கதை தலைகீழ். அக்ரிலிக் வண்ணம் மாடலைத் தொடும் முன்னேயே பாதி காய்ந்து, பரப்பு உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். அப்போது இன்னும் கொஞ்சம் நீர்க்கக் கலக்கி, அருகிலிருந்து தெளிக்க வேண்டும்.

பசை, தின்னர்: கடைக்காரர் சொன்னதை வாங்குவது

புதிதாக வருகிறவர்கள் முழு கிட்டையும் பெவிக்விக்கில் ஒட்டுவதைப் பார்க்கிறேன். இந்த கிட்டுகள் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். அதற்கென்று உள்ள சிமென்ட் இரண்டு பரப்பையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிடும், வெல்டிங் போல. உடனடிப் பசை நடுவில் ஒரு கண்ணாடிச் சில்லு போல உட்காரும், கீழே விழுந்தால் அங்கேயே விடும். போதாததற்கு அதன் ஆவி பக்கத்திலிருக்கும் பெரிஸ்கோப் கண்ணாடி, ஹெட்லைட் மீதெல்லாம் வெள்ளைப் புகையாகப் படியும். உலோகத் தகடு, ரெசின் பாகங்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நீர்த்த சிமென்டிலும் ஒரு ஆபத்து உண்டு. பாகங்களைப் பொருத்திப் பிடித்துக்கொண்டு, இணைப்புக் கோட்டில் பிரஷ் நுனியைத் தொட்டால் போதும், சிமென்ட் தானாகவே கோடு நெடுக ஓடிவிடும். ஆனால் அந்தக் கோட்டின் மேல் உங்கள் விரல் இருந்தால் விரலுக்கு அடியிலும் ஓடும். எடுத்துப் பார்த்தால் கைரேகை பிளாஸ்டிக்கில் பதிந்திருக்கும்.

இனி தின்னர். ஹார்டுவேர் கடையில் போய் நின்றால் அண்ணாச்சி கேட்பார்: “தம்பி, என்.சி. தின்னரா, டர்பன்டைனா?” எதற்கு என்று அவருக்குத் தெரியாது, கதவுக்கோ வண்டிக்கோ என்று நினைத்துத் தருவார். என்.சி. தின்னர் பாலிஸ்டைரீனை அரித்துவிடும். ரிவெட், வெல்டிங் கோடு எல்லாம் மெழுகு மாதிரி இளகிப் போகும். கதவுக்கு அடிக்கிற எனாமலும் வேண்டாம். அதன் நிறமித் துகள் பருமன், ஒரு பூச்சிலேயே 1/35 அளவு (அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு) போல்ட் தலைகள் மூழ்கிவிடும்.

மாடலுக்கென்று விற்கும் அக்ரிலிக்குகளுக்குள்ளும் சாதி வேறு. டாமியா கம்பெனியின் அக்ரிலிக் ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். வயெகோ கம்பெனியுடையது தண்ணீர் வகை, அதில் ஆல்கஹால் ஊற்றினால் பால் திரிந்த மாதிரி கட்டி கட்டியாகி ஏர்பிரஷ் அடைத்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே தின்னரில் கலக்காதீர்கள். பதம் கேட்டால் நீர்மோர் பதம். கிண்ணத்தின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டால் வழிந்து இறங்க வேண்டும், பின்னால் மெல்லிய நிறம் நிற்க வேண்டும். ஒரே பூச்சில் மூட நினைக்காமல் மூன்று நான்கு மெல்லிய பூச்சாக அடியுங்கள். அதற்கு முன், பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்து, பிரைமர் என்ற அடிப்பூச்சு போட வேண்டும். வார்ப்பிலிருந்து எளிதாகக் கழன்று வரப் பூசிய எண்ணெய்ப் பிசுக்கு பிளாஸ்டிக்கில் தங்கியிருக்கும், அதன் மேல் வண்ணம் பிடிக்காது.

எதைத் தெளித்தாலும் ஜன்னலைத் திறந்து, கரி வடிகட்டி உள்ள முகமூடியைப் போட்டுக்கொள்ளுங்கள். துணி மாஸ்க் கரைப்பான் ஆவியைத் தடுக்காது. மழைக்குப் பயந்து அறையை மூடிக்கொண்டு தெளிப்பது நம் பக்கத்தில் சகஜம். அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

ஒட்டும்போது கண்ணில் படாதவை

முதல் கிட்டாகவே ஆயிரம் துண்டு, தனித்தனிக் கண்ணியாக டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை), பித்தளைத் தகடு என்று வாங்குவது ஆசை. முக்கால்வாசி அலமாரியில்தான் தூங்கும். ரப்பர் பட்டை டிராக் உள்ள, பாகங்கள் குறைந்த ஒரு டாமியா டி-34 அல்லது டி-55 (இரண்டும் சோவியத் டாங்கிகள்) வாங்கி முடியுங்கள். முடித்த ஒன்று முடிக்காத பத்தை விட அதிகம் சொல்லித்தரும்.

பாகங்கள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒரு பாகத்தைத் திருகிப் பிய்த்தால் பாகத்தோடு கொஞ்சம் சதையும் போகும். முதலில் தள்ளி வெட்டி, பிறகு ஒட்டி வெட்டி, மிச்சத்தை உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். இரண்டு பாதியாக வரும் பீரங்கிக் குழலில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். இணைப்புக் கோட்டை மட்டும் தேய்த்துத் தேய்த்துக் குழல் நீள்வட்டமாகிவிடும். உப்புத்தாளை நாடா போல வெட்டி, குழலைச் சுற்றிப் போட்டு, ஷூ பாலிஷ் போடுகிறவர் துணியை இழுப்பது போல இரு பக்கமும் இழுங்கள். வட்டம் கெடாது.

எல்லாவற்றையும் வழவழப்பாக்குவதும் தவறுதான். டி-55இன் டரெட் வார்ப்பு எஃகு, உண்மையில் சொரசொரப்பானது. அமெரிக்க டாங்கியான பேட்டன் எம்-48இன் உடலும் வார்ப்புதான். நீர்த்த சிமென்டைத் தடவி, பிளாஸ்டிக் இளகியதும் பழைய பிரஷின் விறைத்த மயிரால் குத்தினால் அந்த வார்ப்புத் தோல் வந்துவிடும்.

அப்புறம் சக்கரங்கள். ஒட்டியவுடன் மாடலை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் நிறுத்திப் பாருங்கள். ஒரு சக்கரம் அரை மில்லிமீட்டர் தூக்கியிருந்தாலும் 1/35இல் அது தரையிலிருந்து 17 மில்லிமீட்டருக்கு மேல். 50 டன் வண்டி அப்படி நிற்காது. டிராக்கும் தன் எடையால் தொங்கும். டி-34, டி-55இல் மேலே தாங்கு உருளைகள் கிடையாது, டிராக் சக்கரங்களின் மேலேயே படிந்து கிடக்கும். கிட்டின் ரப்பர் பட்டை அந்தரத்தில் நேர்கோடாக நின்றால் என்ன வண்ணம் அடித்தாலும் பொம்மையாகத்தான் தெரியும். ஒவ்வொரு சக்கரத்தின் உச்சியிலும் ஒரு பொட்டுப் பசை வைத்து அழுத்திப் பிடியுங்கள். டி-55இல் முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே இடைவெளி பெரிது. அந்த இடத்தில் டிராக் கொஞ்சம் அதிகமாகத் தாழும்.

டீக்கால், அதாவது எண்ணும் சின்னமும் அச்சடித்த ஒட்டுப்படம், அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேட் பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று மாட்டி வெள்ளியாக மின்னும். முதலில் பளபளப்பு வார்னிஷ், பிறகு டீக்கால், கடைசியில் மேட். டீக்கால் தாளை ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், சாரல் மாதத்தில் வெளியே கிடந்தால் மஞ்சளாகிவிடும்.

எந்த மண், எந்தப் பச்சை

இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டும். நம் ராணுவம் ஓட்டிய டாங்கியைச் செய்யும்போது பலர் நிறத்துக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்வது நினைவுச்சின்னமாக நிறுத்தி வைத்த வண்டியின் படத்தை. நானும் அப்படி ஒரு படத்தை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் செலவழித்தேன். நிறுத்தி வைத்த வண்டிக்கு வருடா வருடம் பெயிண்டர் புதிதாக அடிப்பார். எனாமல் பளபளக்கும், சக்கர விளிம்பில் வெள்ளைக்கோடு இருக்கும், டிராக்கைக் கறுப்பாக்கி இருப்பார்கள். அந்த வண்டியிலிருந்து வடிவத்தையும் அளவையும் எடுங்கள். நிறத்தையும் அழுக்கையும் அந்தக் காலத்துப் போர்க்களப் படங்களிலிருந்து எடுங்கள். நிறத்தை டப்பாவிலிருந்து அப்படியே அடிக்கவும் கூடாது. 22 சென்டிமீட்டர் உடல் மேல் விழும் வெளிச்சம் கொஞ்சம்தான், அசல் நிறம் கறுத்துத் தெரியும். கொஞ்சம் வெளிறிய நிறம் கலந்து இளக்குங்கள்.

மண்ணில் நான் செய்த தவறு இன்னும் பெரியது. 1971 டிசம்பர் 16 அன்று பாகிஸ்தானுடன் நடந்த பசந்தர் போரில் பூனா ஹார்ஸ் படையின் இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்ரபால் கடைசி வரை நின்று போரிட்டது ஒரு செஞ்சூரியனில். அவருக்கு வயது 21, பரம்வீர் சக்ரா மரணத்துக்குப் பின் கொடுக்கப்பட்டது. அந்த வண்டியை மனதில் வைத்துத்தான் நான் செஞ்சூரியனைத் தொடங்கினேன். கடைசியில் அதன் சக்கரங்களில் பூசியது எங்கள் வீட்டுக் கொல்லைச் செம்மண்! பசந்தர் ஆறு ஓடும் ஷகர்கர் பகுதி ஆற்று வண்டல் நிலம், மண் சாம்பல் கலந்த வெளிர் பழுப்பு. ஒரு நாள் புனலூரிலிருந்து வந்த நண்பர் பார்த்துவிட்டு, “இது நம்ம ஊர் மண்ணல்லே?” என்றார். எனக்குப் பதில் இல்லை. அந்த வாரமே முழுவதையும் கழுவி எடுத்தேன்.

எனவே பிரஷை எடுக்கும் முன் வண்டி எங்கே, எந்த மாதத்தில் நின்றது என்று கேளுங்கள். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தரில் மாட்டிக்கொண்ட பாகிஸ்தான் பேட்டன் என்றால் நம் படையினர் தண்ணீர் பாய்ச்சிய கரும்பு வயல். ஈரச் சேறு சக்கரங்களுக்கு மேல் வரை இருக்கலாம். ராஜஸ்தானின் லோங்கேவாலாவில் நின்ற டாங்கி என்றால் தார்ப் பாலைவனத்து மெல்லிய மணல்தூசு, சேறே கிடையாது. துருவையும் அளவோடு வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டாங்கியின் கவசத்தில் துரு வழிந்திருக்காது. புகைபோக்கியில் இருக்கும். டிராக்கில் இருக்கும், ஆனால் தரையில் உரசும் மேடுகள் தேய்ந்து இரும்பாக மின்னும்.

சேறு எங்கே தங்கும் என்று தெரிய வெளிநாட்டுப் புத்தகம் தேவையில்லை. மழை நாளில் பிரானூர் பார்டரில் மர அறுவை மில்களுக்கு வரும் லாரிகளைப் பாருங்கள். மட்கார்டின் உள்பக்கம் கட்டி கட்டியாக, காய்ந்தது வெளிறியும் புதியது கறுத்தும் அடுக்காக இருக்கும். டிரைவர் ஏறி இறங்கும் படி தேய்ந்து பளிச்சென்று இருக்கும். டீசல் டேங்க் மூடிக்குக் கீழே மட்டும் கறுப்பாக ஒரு வழிசல். டாங்கியிலும் இப்படித்தான், ஆட்கள் ஏறும் இடம் ஒன்று, எண்ணெய் ஊற்றும் இடம் ஒன்று.

பள்ளங்களில் நிழல் தெரிய ஓட விடும் நீர்த்த வண்ணம்தான் வாஷ். அதை அடிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எனாமல் வண்ணத்தின் மேல் எனாமல் வாஷ் போட்டால் கீழ்ப்பூச்சும் கரையும். அடியில் அக்ரிலிக், மேலே பளபளப்பு வார்னிஷ், அதன் மேல் வாஷ் என்று போனால் பயமில்லை. அதையும் குளம் கட்ட விடாதீர்கள். அழுத்தி ஒட்டிய மெல்லிய பாகங்களில் ஊறி இறங்கிப் பிளாஸ்டிக்கை விரிசல் விட வைக்கும்.

அசல் மண்ணைப் பூச விரும்பினால் துணியில் சலித்து, மாவு போல வருவதை மட்டும் எடுங்கள். ஒரு மில்லிமீட்டர் மணல் 1/35இல் 35 மில்லிமீட்டர் ஜல்லி. சலித்ததைச் சமையலுக்குப் பயன்படாத பழைய வாணலியில் நன்றாக வறுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆடியில் டிராக்குகளுக்கு நடுவே பூஞ்சை வெள்ளையாக முளைக்கும். எனக்கு ஒருமுறை முளைத்தது. இப்போது பசந்தர் வண்டிக்கு, வெளிர் பழுப்புச் சாக்பீஸைச் சுரண்டி, கொஞ்சம் சாம்பல் நிறம் கலந்து, டர்பன்டைனில் குழைத்து வைத்திருக்கிறேன். தை பிறந்ததும் பூச வேண்டும்.