காற்றடைத்த மோட்டார் படகு: பலரும் செய்யும் தவறுகள்

ரப்பர் படகு வைத்திருப்பவரிடம் என்ஜினைப் பற்றிக் கேட்டால் எத்தனை எச்பி, என்ன ஆயில் என்று எல்லாவற்றையும் சொல்வார். டியூபில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று கேட்டால் மட்டும் கையால் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்துவிட்டு "போதும்" என்பார். முதல் தவறே இதுதான்.

பெரும்பாலான படகுகளில் டியூபுக்கு 0.2 முதல் 0.25 பார் (காற்றழுத்தத்தின் அளவு) வரை காற்று போதும். தரையும் காற்றடைக்கும் வகை என்றால் அதற்கு மட்டும் 0.7, 0.8 பார் என்று போகும். உங்கள் படகுக்கான அளவு அதன் கையேட்டில் இருக்கும், அதை அழுத்தம் காட்டும் கேஜ் வைத்துப் பாருங்கள், கையை நம்பாதீர்கள். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரைத் தயவுசெய்து இதில் செருக வேண்டாம், கண் இமைக்கும் நேரத்தில் ஒட்டு பிரிந்துவிடும். டியூபுக்குள் தனித்தனி அறைகள் இருக்கும். ஒரு அறையை முழுசாக நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போவதும் கெடுதல்தான், இரண்டுக்கும் நடுவே இருக்கும் தடுப்பு ஒரே பக்கமாகத் தள்ளப்படும். எல்லா அறைகளிலும் பாதி பாதி அடித்துக்கொண்டு, அப்புறம் ஒரு சுற்று வந்து சரியான அளவுக்கு ஏற்றுங்கள்.

காலையில் 20 டிகிரியில் 0.2 பார் வைத்த டியூப், கரையில் வெயிலில் கிடந்து உள்காற்று 50 டிகிரி ஆனால் 0.3 பாரை நெருங்கிவிடும். கரையில் விட்டுப் போவதாக இருந்தால் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். தண்ணீரில் இறக்கினால் நடப்பது நேர்மாறு: காற்று குளிர்ந்து டியூப் தளரும். தளர்ந்த படகு அலையில் நடுவே மடங்கும், என்ஜின் மாட்டிய பின்பலகை ஆடும், ஒட்டின இடமெல்லாம் இழுபடும். அதனால் தண்ணீரில் இறக்கிக் கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை கேஜைப் பாருங்கள்.

அடுத்தது கில் சுவிட்ச் கயிறு, அதாவது இழுபட்டால் என்ஜினை உடனே நிறுத்திவிடும் கயிறு. இதில் எனக்குச் சமரசமே கிடையாது. "இதோ பக்கத்தில்தானே" என்று அதைக் கைப்பிடியிலேயே சுற்றிவைத்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய. ஓட்டுபவர் விழுந்துவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்து, சுற்றுகிற புரொப்பெல்லரோடு அவர் மேலேயே திரும்பி வரும். கயிறு உங்கள் காலிலோ லைஃப் ஜாக்கெட்டிலோ மாட்டியிருக்க வேண்டும். கிளம்பும்முன் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், என்ஜின் அந்த நொடியே நிற்க வேண்டும். வேகமாகப் போகும்போது டியூப் மேல் யாரும் உட்கார வேண்டாம், ஒரு துள்ளல் போதும் தூக்கி எறிய.

தனியாகப் போகும்போது எடை முழுக்கப் பின்னால் சேரும். முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், எதிர்காற்று அடியில் புகுந்தால் படகே மல்லாந்துவிடும். பெட்ரோல் டேங்கையும் சாமான்களையும் முன்னால் தள்ளி வையுங்கள். அந்த டேங்கைப் படகுக்குள் வைத்து நிரப்பவும் கூடாது, பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையிலேயே தேங்கி நிற்கும். வெளியே எடுத்து நிலத்தில் வைத்து ஊற்றுங்கள்.

உப்புத்தண்ணீரில் ஓட்டினால் என்ஜினை நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவுங்கள். தரைக்கும் டியூபுக்கும் இடையில் சிக்கும் மணலை விட்டுவிடாதீர்கள், உப்புத்தாள் மாதிரி அது துணியை அறுத்துக்கொண்டே இருக்கும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும்.

காற்று இறங்குகிறதா? சைக்கிள் பஞ்சர் பசை பிவிசியில் நிற்காது, பிவிசிக்கு ஒரு பசை, ஹைபலான் என்ற செயற்கை ரப்பருக்கு வேறு பசை. ஆனால் ஒட்டுப்போட உட்காரும்முன் வால்வைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். அங்கேயே சின்னச் சின்னக் குமிழி வந்தால், ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகள் உட்கார்ந்திருக்கலாம், துடைத்தாலே நின்றுவிடும்.