படுவான்கரைக்குக் கூத்துப் பார்க்கப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டில் வாழும் மட்டக்களப்பார் பலருக்கும் ஒரு ஆசை உண்டு. ஒருமுறையாவது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உள்ள ஊருக்குப் போய், கூத்தாடும் வட்ட அரங்கான களரியோரம் பாய் விரித்து, எங்கள் பக்கத்து இரு கூத்து வகைகளில் ஒன்றான வடமோடிக் கூத்தை விடியும்வரை பார்த்துவிட்டு வர வேண்டும். நல்ல ஆசைதான். ஆனால் நாங்கள் பயணச்சீட்டைப் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை வைத்துப் போடுகிறோம். கூத்தோ வயலைப் பார்த்து ஆடப்படுவது. ஐப்பசியில் பிடிக்கும் மாரி மழை தை வரை நீளும். அந்த நாட்களில் திறந்த வெளியில் எதுவும் ஆட முடியாது. மாசி, பங்குனியில் பெரும்போக வேளாண்மை வெட்டி, நெல் விற்று, கடன் கட்டி முடிந்த பிறகுதான் ஊருக்குக் கையில் காசும் மூச்சுவிட நேரமும் வரும். ஆகவே அரங்கேற்றங்கள் பெரும்பாலும் பங்குனிக் கடைசியிலிருந்து ஆடி வரை, கோயில் சடங்குகளை ஒட்டித்தான் நடக்கும். மார்கழி விடுமுறைக்குப் போகிறவர்களுக்குக் கிடைப்பது மண்டப நிகழ்ச்சிகள்: பிரதேச செயலகங்களின் கலாசார விழா, இலக்கிய விழா, பரிசளிப்பு. அவையும் பார்க்க வேண்டியவையே. ஆனால் அங்கே வரும் கூத்து இருபது நிமிடத் துண்டாகத்தான் வரும்.

அரங்கேற்ற இரவை மட்டும் குறிவைத்துப் போகாதீர்கள். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். ஒரு கூத்து பல மாதம் பழகப்படுகிறது. கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் ஆளைப் பார்த்து, குரலைப் பார்த்து, உடம்பைப் பார்த்துப் பாத்திரத்தைப் பிரித்துக் கொடுப்பார். அதைச் சட்டங் கொடுத்தல் என்பார்கள். அதன் பிறகு கிழமைதோறும் பழகும் கிழமைக்கூத்து, ஆடுகிறவர் முதன்முதலாகச் சதங்கை கட்டும் சதங்கை அணிதல், முழுக் கூத்தையும் ஒத்திகை பார்க்கும் அடுக்குப் பார்த்தல், கடைசியில் அரங்கேற்றம். இதில் வெளியூரார் கண்ணில் படுவது கடைசிப் படி மட்டுந்தான். பழகும் இரவுகளில் போய் இருந்து பாருங்கள். பகல் முழுக்க வயலிலோ மேசன் வேலையிலோ நின்றவர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பாட்டு எழுதிய கொப்பியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து தரு எனும் கூத்துப் பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பார். அந்தக் கொப்பியின் மூலைகள் வியர்வையில் ஊறிச் சுருண்டிருக்கும். தாளக்கட்டு பிசகினால் அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்திவிட்டு அவரைப் பார்ப்பார். ஒரு சொல்லும் சொல்ல மாட்டார். பிசகியவருக்கு அந்தப் பார்வை போதும். அரங்கேற்ற நாளின் உடுப்பும், முடி எனும் கிரீடமும் கண்ணைப் பறிக்கும் என்பது உண்மைதான். ஆனால் கலை எப்படிக் கைமாறுகிறது என்பதைப் பார்க்க வேண்டுமென்றால், அது நடப்பது இந்த இரவுகளில்.

திகதியை எப்படித் தெரிந்துகொள்வது? முகநூலில் தேடிப் பயனில்லை. நோட்டீஸ் அடித்து வாட்ஸ்அப்பில் வரும்போது அரங்கேற்றத்துக்கு ஒரு கிழமைதான் இருக்கும். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கரையோ, கூத்தில் ஆடும் ஒருவரையோ தை மாதத்திலேயே அழைத்து, ‘இந்த வருசம் ஏதும் பழகுறீங்களா?’ என்று கேளுங்கள். கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்தவர், படிப்பிப்பவர் யாரையாவது தெரிந்தால் இன்னும் நல்லது. எந்த ஊரில் எந்த அண்ணாவியார் என்ன பழக்குகிறார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இனி, என்னை மிகவும் வாட்டிய விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பெயரை நோட்டீசில் போட விடாதீர்கள்.

என் பெரியம்மாவின் மகன் எங்கள் ஊர்க் கோயிலில் வண்ணக்கர். நான் வருகிறேன் என்று தெரிந்ததுமே, என்னிடம் கேளாமல், என்னைப் பிரதம அதிதியாகப் போட்டு நோட்டீஸ் அடித்துவிட்டார். பெயருக்குப் பக்கத்தில் நான் வாழும் நாட்டின் பெயரும் இருந்தது. அண்ணனுக்கு அது பெருமை. எனக்கு அது அரச கந்தோர் கந்தோராக அலையும் வேலையாக முடிந்தது.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். 2007இல் உயர் நீதிமன்றம் கொடுத்த உத்தரவின்படி, இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்கு வழக்கமான அனுமதி கிடையாது. விசேட நிகழ்வுகளுக்குத் தனியாகக் கேட்டு, நேரத்தை நீட்டித்து வாங்க வேண்டும். நோயாளிகளும் படிக்கிற பிள்ளைகளும் தூங்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இரவு ஒன்பதுக்குத் தொடங்கி விடிய முடிகிற ஒரு கலைக்கு இந்தச் சட்டத்தில் இயல்பான இடமே இல்லை. ஒவ்வொரு முறையும் விதிவிலக்காகத்தான் கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் கிராம உத்தியோகத்தரின் கடிதம். அவர் வெளிக்களத்தில். கடிதம் கிடைத்ததும் பிரதேச செயலகம். அங்கே, ‘இது சமய நிகழ்வா, கலாசார நிகழ்வா?’ என்று கேட்டார்கள். கோயில் முற்றத்தில், கோயில் சடங்கோடு சேர்த்து ஆடப்படும் மகாபாரதக் கதையை எந்தப் பெட்டியில் போடுவது? சமயம் என்றால் கோயில் பதிவுப் பத்திரமும் நிர்வாக சபையின் தீர்மானமும் வேண்டும். கலாசாரம் என்றால் கலாசார உத்தியோகத்தரின் சிபாரிசு வேண்டும். அவரோ கொழும்பில் பயிற்சியில் இருந்தார். ‘மறுகா வாங்க’ என்றார்கள். மறுகா போனோம். பத்திரத்தின் பிரதி தெளிவில்லை என்றார்கள். பிரதி எடுக்கும் கடையில் மின்சாரம் இல்லை. வெயிலில் நடந்து திரும்பினால் சாப்பாட்டு நேரம்.

எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு பொலிசுக்குப் போனால், மேசையில் இருந்தவர் நோட்டீசில் என் பெயரிலேயே கண்ணை வைத்துவிட்டார். கடவுச்சீட்டு, விசா, எங்கே தங்கியிருக்கிறேன், என்ன பேசப் போகிறேன், கூத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? நான் ஏழு வயதுவரை தூங்கிய முற்றத்தில் ஆடும் கூத்துக்கு நான் யார் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. மறுநாள் வீட்டுக்கும் ஆள் வந்து அதே கேள்விகளைக் கேட்டுவிட்டுப் போனார்கள். பெரியம்மா அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தா. அவர்கள் போன பிறகு அன்று இரவு அவ சாப்பிடவில்லை. இப்படி வாசலில் ஆட்கள் வந்து நின்று கேள்வி கேட்ட காலங்களை அவ பார்த்தவ. அந்தக் காலங்களில் நான் அங்கே இருக்கவில்லை.

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, ‘தம்பி எப்ப திரும்பிப் போறீங்க?’ என்பதுதான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் பக்கத்தில் கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்ற அண்ணனிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. ஒவ்வொரு வருசமும் இதே வரிசையில் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பது அவர்தான். போருக்குள்ளும், இடம்பெயர்ந்து கிடந்த நாட்களிலும் அந்தக் கூத்தின் கொப்பிகளைப் பொலித்தீனில் சுற்றிக் காப்பாற்றியதும் அவரைப் போன்றவர்கள்தான். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் வரிசையில் நிற்க நிற்கக் கரைந்துபோனது. ஆனால் பார்க்க வேண்டும் என்று ஏங்கி வந்த சதங்கை அணிதலும் அடுக்குப் பார்த்தலும் அந்த அலைச்சலிலேயே போய்விட்டன. அப்பா இளமையில் ஆடிய அதே பாத்திரத்துக்கு ஒரு பொடியன் முதன்முதலாகச் சதங்கை கட்டியதை நான் பார்க்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

ஆகவே கண்டிப்பாகச் சொல்லுங்கள்: பிரதம அதிதி வேண்டாம், பெயர் வேண்டாம், பார்க்கத்தான் வருகிறேன். மேடையில் பேசவோ ஆடவோ உண்மையிலேயே அழைக்கப்பட்டிருந்தால், சுற்றுலா விசாவில் அது சரிவருமா என்று புறப்படும் முன்பே தூதரகத்தில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கி அனுமதிக்கு ஊரார் ஒரு மாதம் முன்பே எழுதத் தொடங்கட்டும். அந்த வேலையில் உதவ விரும்பினால், பிரதி எடுக்கவும் ஓட்டோவுக்கும் ஆகும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். அதை யாரும் கேட்க மாட்டார்கள். நீங்களாகக் கொடுக்க வேண்டும்.

எங்களுக்கு அனுமதி நள்ளிரவு வரைதான் கிடைத்தது. பன்னிரண்டுக்கு ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். கதை பாதியில் நிற்கிறது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தேன். அண்ணாவியார், ‘எங்கட அப்பாட காலத்தில ஸ்பீக்கரா இருந்த?’ என்று கேட்டுவிட்டு மத்தளத்தை மடியில் இழுத்தார். சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு களரிக்குக் கிட்ட நகர்ந்தது. பிற்பாட்டுக்காரருடன் சேர்ந்து கிழவிகளும் பாடினார்கள். வளையம் வைத்து விரியும் கரப்பு உடுப்போடும் முடியோடும் ஆடுகிறவரின் மூச்சு வாங்குவதும், காலைத் தூக்கி வைக்கும்போது சதங்கை ஒன்றாய் விழுவதும் அப்போதுதான் காதில் விழுந்தன. வட்டக்களரியைச் சுற்றி ஆட்கள் நெருங்கி இருந்து பார்ப்பதற்கென்றே அமைந்த ஆட்டம் இது. நீங்கள் போகும் இரவிலும் ஒலிபெருக்கி நின்றால் எழுந்து போய்விடாதீர்கள். கதிரையை விட்டு இறங்கி, கிட்டப் போய் மண்ணில் இருங்கள்.

இரவுப் பயணத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு வாவியைக் கடப்பது எளிது. முன்பு மண்முனைத்துறையில், பாதை என்று நாங்கள் சொல்லும் படகுக்குக் காத்துக் கிடந்ததை நினைத்தால் எனக்கு அந்தக் காத்திருப்பின் மேலேயே ஆசை வருகிறது. சரி, அது வேறு கதை. பாலம் தாண்டி மேற்கே உள்ளே போகப் போக யானை நடமாட்டம் உண்டு. நடுச்சாமத்தில் மோட்டார் சைக்கிளில் திரும்பும் எண்ணம் வேண்டாம். விடியும்வரை கூத்துப் பார்ப்பதுதான் பாதுகாப்பும்கூட.

காசு விஷயம். ஊரில் இருந்து ‘கோயிலுக்கு ஒரு மண்டபம்’ என்று கேட்பார்கள். மண்டபத்தில் உங்கள் பெயர் கல்லில் இருக்கும். கூத்து அதில் ஆடாது. கூத்துக்கு உண்மையில் முட்டுப்படுவது மத்தளத்துக்குத் தோல், உடுப்பு, முடி, பழகும் இரவுகளின் தேத்தண்ணி, அண்ணாவியாரின் மாதக்கணக்கான உழைப்பு. அவர் கையில் நேரே, வெற்றிலையோடு வைத்துக் கொடுங்கள். மேடையில் பொன்னாடையோடு கொடுக்கிற உறை வேண்டாம்.

நூல் வெளியீடுகளில் நிலைமை வேறு. அங்கே உறை அவசியம். வடக்கிலும் கிழக்கிலும் எழுதுகிறவர்கள் பலர் தங்கள் காசில்தான் அச்சடிக்கிறார்கள். முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று பெயர் சொல்லி அழைத்துக் கொடுப்பதன் வழியாகத்தான் அச்சகக் கடன் அடைகிறது. உங்கள் பெயரையும் கூப்பிடுவார்கள். விலையைவிடக் கூடுதலாக வைத்துக் கொடுங்கள். அதில் முகம் சுளிக்க ஒன்றுமில்லை. ஆய்வுரை நீளும், நன்றியுரை அதைவிட நீளும். அவசரப்படாமல் இருந்து, முடிந்ததும் எழுதியவரோடு பேசுங்கள். அந்த ஊரில் அவர் எழுத்தை வாசித்துவிட்டுப் பேச வருகிறவர்கள் குறைவு. இன்னும் இரண்டு பிரதிகள் வாங்குங்கள். கோயில் மலர், சடங்கு மலர், பாடசாலை மலர் போன்றவை வீட்டில் கிடந்தால் எறிய விடாதீர்கள். 2005இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகம் இத்தகையவற்றை மின்பிரதியாக்கிச் சேமிக்கிறது. எத்தனையோ ஊர்களின் கூத்து வரலாறு அந்த மலர்களின் பின்பக்கங்களில்தான் இருக்கிறது.

அரங்கேற்றம் எதுவும் அகப்படாவிட்டாலும் வைகாசியில் போங்கள். கண்ணகி அம்மன் கோயில்கள் கதவு திறக்கும் மாதம் அது. கண்ணகியின் கதையான வழக்குரை காதையைப் பாடுவார்கள். கடைசி நாள் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கு. அதே மாத விசாகத்தில் முல்லைத்தீவு வற்றாப்பளைப் பொங்கல். அங்கே கடல்நீரில் விளக்கெரிப்பார்கள். அந்தப் பக்கத்துக் கோவலன் கூத்தையும் விசாரியுங்கள். புரட்டாசியில் கல்முனைக்குப் பக்கத்தில் உள்ள பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் 18 நாள் சடங்கு. பாண்டவர் வனவாசம் போவதும் அருச்சுனன் தவம் செய்வதும் தெருவிலேயே நடக்கும், தீமிதிப்போடு முடியும். மகாபாரதக் கூத்தைப் பார்த்தவர்களுக்கு அது இன்னொரு வாசல்.

கடைசியாக, திரும்பும் சீட்டை அரங்கேற்றத்துக்கு மறுநாளே போட வேண்டாம். அதன் பிறகுதான் கூத்தர்கள் வீட்டுக்கு வீடு போய் ஆடத் தொடங்குவார்கள். இப்போது எல்லா ஊரிலும் இது இல்லை. உங்கள் ஊரில் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். உண்டென்றால் முற்றத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, வருகிறவர்களுக்குச் சாப்பாடும் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் இரவு முழுக்க ஆடியவர்கள், பசியோடுதான் வருவார்கள்.