தெருப் படங்களை எங்கே ஏற்றுவது? மேப்பிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தெரு வரைய செயற்கைக்கோள் படம் போதும். கடையின் பெயரும் ஒருவழிப் பலகையும் வேண்டுமென்றால் தெருவில் நின்று எடுத்த படம்தான் வேண்டும். அதில் தெரியும் தமிழ்ப் பலகையைப் பார்த்துப் பெயரைத் தமிழிலும் சேர்க்கலாம்.

பலர் இங்கே கூகுள் ஸ்ட்ரீட் வியூவைத் திறந்துவிடுகிறார்கள். 2022 ஜூலையில் அது இந்தியாவின் 10 நகரங்களுக்கு வந்தபோது சென்னையும் அதில் இருந்தது, அதனால் ஆசை வருவது இயல்பு. ஆனால் அதைப் பார்த்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எதையும் சேர்க்கக் கூடாது. கூகுளின் விதிமுறை அதற்கு இடம் தருவதில்லை. நீங்கள் ராத்திரி பகலாகச் சேர்த்ததெல்லாம் ஒருநாள் மொத்தமாக நீக்கப்படலாம்.

மக்களே படம் எடுத்து ஏற்றும் தளங்களுக்கு வருவோம். மேப்பில்லரியில் படங்கள் நூறு கோடியைத் தாண்டிவிட்டன. அந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை உலாவியில் திருத்த உதவும் ஐடி (iD) எடிட்டரிலேயே மேப்பில்லரி, கார்ட்டாவியூ, பனோராமாக்ஸ் ஆகிய மூன்று தளங்களின் படங்களையும் அடுக்குகளாகப் போட்டுப் பார்க்கலாம். தேதியையும் பாருங்கள். ஐந்து வருடத்துக்கு முந்தைய படத்தில் இருக்கும் டீக்கடை இன்று மருந்துக்கடையாக மாறியிருக்கலாம்.

நான் பெரிதாக நினைக்கும் தவறு வேறு: மூலப் படங்களைக் கையில் வைத்துக்கொள்ளாதது. 2013இல் ஸ்வீடனில் தொடங்கிய மேப்பில்லரியை 2020இல் ஃபேஸ்புக் வாங்கியது. ஓப்பன்ஸ்ட்ரீட்வியூ என்று தொடங்கிய தளம் ஓப்பன்ஸ்ட்ரீட்கேம் ஆகி, கிராப் நிறுவனத்தின் கைக்குப் போய், இப்போது கார்ட்டாவியூவாக இருக்கிறது. இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தளங்கள் கைமாறும். ஏற்றி முடித்ததும் போனில் இடமில்லை என்று நான் அழித்த படங்கள் இன்று என்னிடம் இல்லை, வேறு தளத்தில் ஏற்ற ஆசைப்பட்டாலும் முடியாது. இடத்தகவலோடு அப்படியே ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டு வையுங்கள்.

மூலம் கையில் இருந்தால் ஒரே தளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயமே இல்லை. படம் உங்களுடையது, ஒன்றுக்கு மேற்பட்ட தளங்களிலும் ஏற்றலாம். நான் பனோராமாக்ஸையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். பிரான்சின் அரசு வரைபட நிறுவனமும் அங்குள்ள ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அமைப்பும் தொடங்கியது அது. மென்பொருள் திறந்த மூலம், விருப்பமுள்ள குழு தனக்கென ஒரு சர்வரை நடத்தலாம். அதனாலேயே படங்களைப் பயன்படுத்தும் உரிமம் சர்வருக்கு சர்வர் மாறும் என்பதைக் கவனியுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பிரான்சின் சர்வரில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், அரசு நிறுவனத்தின் சர்வரில் பிரெஞ்சு அரசின் திறந்த உரிமம்.

அப்புறம் இன்னொரு தவறு, கணினி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவது. மேப்பில்லரி போக்குவரத்துப் பலகைகளைத் தானே கண்டுபிடிக்கும், ஆனால் சந்துகளில் ஜிபிஎஸ் நகர்ந்து பலகை பக்கத்துத் தெருவில் போய் நிற்கும். முகத்தையும் வண்டி எண்ணையும் மங்கலாக்கும் வசதியும் சில சமயம் தவறவிடும். குழந்தைகள் விளையாடும் வாசலையும் திறந்து கிடக்கும் வீட்டையும் எடுக்காமல் கடந்துவிடுங்கள். எடுத்துவிட்டால், ஏற்றும் முன் ஒருமுறை புரட்டிப் பார்த்து நீக்கிவிடுங்கள்.