மறதி நோய் வந்த நாடகக் கலைஞருக்குக் கடைசி மேடை அமைப்பது எப்படி

அப்பாவுக்கு மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். நாற்பது வருஷத்துக்கு மேல் ஸ்பெஷல் நாடகத்தில் (ஊர்த் திருவிழாக்களில் ராத்திரி நடக்கிற இசை நாடகம்) ஆர்மோனியம் வாசித்துப் பின்பாட்டுப் பாடியவர், வள்ளி திருமணம் மட்டும் எத்தனை ஊரில் வாசித்திருப்பார் என்று அவருக்கே கணக்குக் கிடையாது. அவருக்கு அல்சைமர் என்கிற மறதி நோய் என்று டாக்டர் சொன்ன பிறகு, முறைப்படி ஒரு மேடையில் உட்கார வைத்து விடை கொடுக்க ஆசைப்பட்டோம். முதல் தடவை சொதப்பிவிட்டோம், இரண்டாம் தடவை நன்றாக நடந்தது. உங்கள் வீட்டில் இருப்பவர் நாயனக்காரரோ தவில்காரரோ ஒப்பாரி பாடுகிற அப்பத்தாவோ, யாராக இருந்தாலும் இதில் பாதியாவது உதவும்.

முதலில் நல்ல நரம்பியல் டாக்டரிடம் காட்டி, மறதிக்குக் காரணம் என்ன என்று உறுதி செய்யுங்கள். பி12 குறைந்தாலும், தைராய்டு கோளாறு இருந்தாலும், மனச்சோர்வு இருந்தாலும்கூட மறதி வரும், அதையெல்லாம் சரிசெய்ய வழி இருக்கிறது. காதையும் சோதித்துவிடுங்கள். காலமெல்லாம் ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தவர்களுக்குக் காது மந்தமாகியிருக்கும், அவர் பதில் சொல்லாமல் இருப்பதை நாம் மறதி என்று எடுத்துக்கொள்வோம். அல்சைமர்தான் என்றால் முழுசாகக் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. அதனால்தான் அவசரம். உயில், வங்கி நாமினி, கலைஞர் நலவாரிய அட்டை இதையெல்லாமும் அவர் தெளிவாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள், பிறகு கையெழுத்து வாங்குவதே பெரும்பாடு.

அடுத்து, நோயைச் சொல்லி, மேடை ஏற விருப்பமா என்று அவரிடமே கேளுங்கள். நாங்கள் இதைச் செய்யத் தயங்கினோம். நோய் பெயரைச் சொன்னால் உடைந்துவிடுவார் என்று மூன்று மாதம் மூடி மறைத்தோம், ஊரிலோ 'புத்தி பேதலிச்சுப் போச்சாம்' என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் கிளென் கேம்ப்பெல் பற்றித் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்துக்காரர், கிராமத்து இசையான கன்ட்ரி பாட்டில் பெரிய பெயர், கிட்டாரில் கெட்டிக்காரர். 2011இல், 75 வயதில், தனக்கு அல்சைமர் என்று ஊரறியச் சொல்லிவிட்டு விடைபெறும் பயணம் கிளம்பினார். பெற்ற பிள்ளைகள் மூன்று பேர் கூடவே மேடையில் வாசித்தார்கள். பாட்டு வரிகள் எதிரே திரையில் ஓடின. அப்படியே 151 கச்சேரி. 2012 நவம்பர் 30 அன்று கலிபோர்னியாவில் நாபா என்ற ஊரில் கடைசி மேடை. ஒளிக்காமல் சொன்னதால்தான், அவர் வரியை மறந்தபோதும் கூட்டம் கூடவே நின்றது என்று நான் நினைக்கிறேன்.

சரி, மேடைக்கு வருவோம். எங்கள் முதல் தப்பு நேரம். நாடகம் என்றால் ராத்திரி பத்து மணிக்கு மேல்தானே, அதே மாதிரி செய்தால் அப்பாவுக்குப் பிடிக்கும் என்று பங்குனித் திருவிழாவில் ராத்திரி உட்கார வைத்தோம். இந்த நோய் வந்தவர்களில் நிறையப் பேருக்குப் பொழுது சாயச் சாயக் குழப்பம் கூடும், எங்களுக்கு அப்போது அது தெரியாது. சீரியல் லைட் மின்னி மின்னி எரிகிறது, மைக்கில் எக்கோவை ஏற்றி வைத்திருக்கிறார்கள், தன் குரலே நாலு திசையிலிருந்து திரும்பி வருகிறது. அப்பா ஆர்மோனியத் துருத்தியிலிருந்து கையை எடுத்துவிட்டு, "வீட்டுக்குப் போகணும், அம்மா தேடும்" என்றார். அப்பத்தா இறந்து முப்பது வருஷம். அன்றைக்கு நான் அழுத அழுகையைச் சொல்லி முடியாது.

இரண்டாம் தடவை எங்கள் ஊர் மந்தை அரச மரத்தடியில், காலை ஒன்பதரை மணிக்கு. இட்லி சாப்பிட்டு, மாத்திரை போட்டு, நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு வந்தார். மொத்தம் நாற்பது நிமிஷம், ஐந்தே பாட்டு. எக்கோ கிடையாது, ஒரே ஒரு மைக். முன்வரிசையில் தெரிந்த முகங்கள் மட்டும். ஆரம்பிக்கும் முன் நானே மைக்கில், "அப்பாவுக்கு மறதி நோய், ஒரே பாட்டை ரெண்டு தரம் பாடினாலும் பாடுவார், நீங்க ரெண்டு தரமும் கைதட்டுங்க" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் அப்படியே செய்தார்கள்.

பக்கத்தில் உட்காருவது யார் என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். பெரிய வித்வான் வேண்டாம், அவரோடு பல வருஷம் வாசித்த கை வேண்டும். அப்பாவோடு இருபத்தைந்து வருஷம் மிருதங்கம் வாசித்த சித்தப்பாவைக் கூப்பிட்டோம் (சொந்தமில்லை, நாடக செட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம்). அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டோம்: அண்ணன் எங்கே போனாலும் பின்னாலேயே போங்க, திருத்தாதீங்க. நடுவில் அப்பா ஒரு சரணத்தைத் தாண்டி அடுத்த பாட்டுக்கே தாவினார். சித்தப்பா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடியை மாற்றிக்கொண்டார், கேட்டவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

வரிகளுக்குத் திரையெல்லாம் தேவையில்லை. ஒரு தாளுக்கு ஒரு பாட்டு, கட்டை எழுத்தில், கறுப்பு மையில் எழுதி ஆர்மோனியத்தின் மேல் கிளிப் போட்டு வையுங்கள். பாட்டின் மேலே ராகத்தையும் எத்தனை கட்டை சுருதி என்பதையும் எழுதுங்கள். சொல் மறந்தாலும் விரல் சீக்கிரம் மறக்காது. பழகிப் பழகிக் கையில் ஏறிய வித்தையை மூளை வேறு இடத்தில் வைத்திருக்கிறது, இந்த நோய் அங்கே போய்ச் சேரத் தாமதமாகும் என்கிறார்கள். அப்பாவுக்கு என் பெயர் வராத நாளிலும், இடது கை துருத்தியைப் பிடித்ததும் வலது கை தானாக மோகன ராகத்தில் போய் உட்கார்ந்துவிடும். சுண்டுவிரல் மட்டும் பழைய மாதிரி லேசாகத் தூக்கியபடி இருக்கும்.

மேடைக்கு முன்னும் பின்னும் வீட்டில் பதிவு செய்துகொண்டே இருங்கள், மேடையைவிட இதில்தான் அதிகம் கிடைக்கும். போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், ஆர்மோனியப் பெட்டியிலிருந்து மூன்று நாலு அடி தள்ளி, மடித்த துண்டின் மேல் போனை வையுங்கள். துருத்திச் சத்தம் அடங்கிக் குரல் தெளிவாக விழும். "இது ஞாபகம் இருக்காப்பா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பரீட்சை வைத்த மாதிரி ஆகிவிடும், முகம் சுருங்கிவிடும். முதல் வரியை நீங்களே, தப்புத் தப்பாகவாவது, பாடிவிட்டு நிறுத்துங்கள். மீதியை அவர் எடுத்துக்கொள்வார். என் பாட்டைக் கேட்டு, "சுருதி எங்கடா போகுது" என்று அப்பா திட்டிய பதிவு என்னிடம் இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு பதிவுக்கும் பாட்டு, ராகம், தேதி எழுதி இரண்டு இடத்தில் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி அதையே மூலமாக வைத்துக்கொள்ளாதீர்கள், சத்தத்தின் தரம் குறைந்துவிடலாம்.

கூட்டம் கலையும்போது ஒருவர் அவர் கையைப் பிடித்தே இருக்க வேண்டும். சட்டைப் பையில் உங்கள் போன் நம்பர் எழுதிய அட்டை எப்போதும் இருக்கட்டும். ஆசைப்படுகிறார் என்று அழகர் ஆற்றில் இறங்குகிற கூட்டத்துக்குள் மட்டும் கூட்டிப் போகாதீர்கள், டிவியில் காட்டுங்கள்.

அப்புறம், மேடையை எப்போது நிறுத்துவது? எங்கே இருக்கிறோம் என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்க ஆரம்பித்தாலோ, பெட்டி மேலேயே கோபம் வந்தாலோ, அதோடு போதும், எத்தனை ஊர் கூப்பிட்டாலும் மறுத்துவிடுங்கள். மேடை நின்றால் பாட்டும் நின்றதாக ஆகாது. கேம்ப்பெல்கூட மேடையை விட்ட பிறகு ஒரு இசைத்தட்டுக்குப் பாடினார், அது 2017இல் அவர் இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு வெளிவந்தது.

ஆர்மோனியத்தைத் துணி போட்டு மூடிப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் திண்ணைக்குப் பக்கத்தில், அவர் காபி குடிக்கிற இடத்தில், திறந்தே வைத்திருக்கிறோம். சில நாள் தொடவே மாட்டார். நேற்று ஒரு விரலால் சட்ஜத்தை அமுக்கிக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார், நான் துருத்தி போட்டேன்.